வாடைக்கு ஒன்பது மீட்டர்

மிதவைத் தெருவின் நீளம் நூறு மீட்டர். பத்து வீடுகள், ஒன்பது இடைவெளிகள். வீடுகளுக்குத் தண்டவாளத்தில் நகரும் நெகிழ்சுவர்கள். தெருவை இயக்கும் கணினியான வரைமூளையில் ஓர் எண்ணைத் தட்டினால் தெருவே தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும். எவரும் அடுத்தவர் இடத்தைப் பிடுங்கக் கூடாதென்று அரசு அதற்குள் ஒரு பூட்டுப் போட்டிருந்தது. சமஇடைக் கட்டு என்று பெயர். எல்லா இடைவெளியும் ஒரே அளவு, எல்லா வீடும் ஒரே அளவு.

பத்தாம் வீட்டுக்குச் செல்வராணி குடிவந்தாள். கழிவுத்தொட்டி நிலையத்தில் வேலை. ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த வீடு. மறுநாளே ஒன்பதாம் வீட்டுக் கமலநாதன், அளவாளர் ஜெபமணியின் மேசை முன்னால் வந்து நின்றார்.

"எங்களுக்கு நடுவுல ஒரு மீட்டர்தான் இருக்கு. மூணாக்குங்கம்மா. தப்பா நினைக்காதீங்க, வாடை தாங்கல."

ஜெபமணி நேற்றுதான் செல்வராணியின் வீட்டை அளந்துவிட்டு வந்திருந்தாள். சீயக்காய்தான் மணந்தது.

"ஒண்ணைக் கூட்டினா ஒன்பதும் கூடும் சார். தெரு நீளாது. எல்லார் வீடும்தான் சுருங்கும்."

"சுருங்கட்டும்."

ஒன்பது வீட்டுக் கையெழுத்தையும் நீட்டினார். அத்தனை பேரும் படித்தவர்கள். தாளைத் திருப்பி நீட்டத்தான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் பெரும்பான்மை கேட்டால் மறுக்க அவளுக்கு அதிகாரமில்லை. மூன்று என்று தட்டினாள்.

அடுத்த மாதம் ஆறு. அப்போதும் வாடை அடித்ததாம். மூக்கிலா அடிக்கிறது? புத்தியில் அடிக்கிற வாடைக்கு எத்தனை மீட்டர் போதும்? ஒன்பது கேட்டார்கள்.

செல்வராணி ஜெபமணியைத் தேடி வந்தாள். "நான் காலி பண்ணிட்டு ஓடணும்னுதானே இதெல்லாம்? நின்னுக்கிட்டே தூங்குனாலும் போக மாட்டேம்மா. இது என் வீடு."

ஒன்பது என்று தட்டியதும் ஒவ்வொரு வீடும் ஒன்று தொண்ணூறு மீட்டராகச் சுருங்கியது. அகலம் இரண்டு மீட்டருக்குக் கீழே போனால் வரைமூளை முதலில் குளியலறையைத்தான் நீக்கும். அதை யாரும் கேட்கவில்லை. ஜெபமணியும் சொல்லவில்லை.

பத்தே நாளில் தெரு முழுவதும் இடைவெளிகளில் குடியேறிவிட்டது. அடுப்பு, கட்டில், துணிக்கொடி எல்லாம் அங்கேதான். பிற்பகல் வெயிலில் தெருக்கோடி மரத்தின் நிழல் விழுவது பத்தாம் வீட்டுச் சுவரோரம் மட்டும். வேர்த்து ஒழுகிய கமலநாதன் பாயை இழுத்துக்கொண்டு அங்கே வந்தார். நிலையத்தின் கட்டாயக் குளியலை முடித்துவிட்டு வந்த செல்வராணி, ஈரத்தலையோடு கட்டிலில் படுத்திருந்தாள். இருவருக்கும் நடுவே இப்போது ஒரு சுவர்கூட இல்லை.

அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள்.

"சார், தப்பா நினைக்காதீங்க. கொஞ்சம் தள்ளிப் படுங்க. வாடை தாங்கல."