இடது ஓரத்து மரம்

பள்ளி நாடகத்தில் எனக்கு மரம் வேடம். ராஜா இல்லை, மந்திரி இல்லை, ராஜாவின் குதிரைகூட இல்லை. மரம். அதுவும் மேடையின் இடது ஓரத்தில்.

அதில் எனக்கு வருத்தமில்லை. என் கவலையெல்லாம் அம்மாவின் கழுத்தைப் பற்றித்தான்.

அம்மா தையல்காரர். நாடகத்துக்கான இருபத்திரண்டு உடைகளையும் அவர்தான் தைக்கிறார். பத்து நாளாக மெஷின் முன் குனிந்தே இருந்ததில் கழுத்தும் முதுகும் இறுகிவிட்டன. இடது பக்கமிருந்து கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பாது. அலமாரியை நகர்த்துவதுபோல, நாற்காலியோடு மொத்த அம்மாவும் திரும்புவார்.

பள்ளி அரங்கிலோ நாற்காலிகளைத் தரையோடு பொருத்தியிருக்கிறார்கள். உடை தைத்தவருக்கு ஒதுக்கிய இடம் முதல் வரிசையின் வலது கோடி. அங்கிருந்து என்னைப் பார்க்கக் கழுத்து நன்றாகத் திரும்பியாக வேண்டும். இன்னும் ஆறே நாள்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றபடி மாமா வந்தார்.

மாமா மெத்தைக் கடை வைத்திருக்கிறார். வாசலில் 'முதுகெலும்பு ஆலோசகர்' என்று பெரிய பலகை. அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பலகை எழுதினவர்தான்" என்றார் அம்மா.

மாமாவுக்குக் கழுத்து வலி கிடையாது. ஆனாலும் எப்போதும் கழுத்தில், ஒட்டிப் பிரிக்கும் விறைப்பான பட்டை ஒன்று. கம்பீரமாக இருக்கிறதாம். அதே மாதிரி ஒன்றை அம்மாவுக்கும் மாட்டிவிட்டார்.

"அசையவே கூடாது. அசைஞ்சாத்தானே வலிக்கும்?"

"குனியாம ஊசியை எப்படிண்ணா பாக்கறது?"

"மனசால பாரு!"

அம்மா மனசால் பார்த்துத் தைத்தார். ராஜாவின் சட்டையில் கை நுழைக்கும் வழி இரண்டும் அடைபட்டுப்போயின.

"ராஜா கையை எங்க வெச்சுப்பார் மாமா?" என்றேன்.

"உள்ளேயே வெச்சுக்கட்டும். இன்னும் கம்பீரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மாமா கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அம்மா தையலைப் பிரித்தார். கண் கலங்கியிருந்தது. "அன்னைக்கு நீ போயிட்டு வா கண்ணு. நான் வீட்டுல படுத்துக்கறேன். மரம் எப்படி நின்னுச்சுன்னு வந்து சொல்லு."

நான் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஷின் ஓட ஓட அம்மாவின் தோள்கள் காதை நோக்கி ஏறின. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். ஊசிக்கு அடியில் பாபின் என்று சின்ன நூல் உருளை ஒன்று இருக்கும். அதில் நூல் தீர்ந்து மெஷின் நின்றபோதுதான் ஒரு பெருமூச்சு வந்தது. தோள்களும் இறங்கின.

பாபினில் நூல் சுற்றுவது என் வேலை. அம்மா அடிக்கடி நிறுத்த வேண்டாமே என்று நிறைய நிறையச் சுற்றி வைத்து, நல்ல பெயரும் வாங்கியிருந்தேன்.

மறுநாள் எல்லாவற்றிலும் பாதிதான் சுற்றினேன்.

"அதுக்குள்ள தீந்துடுச்சா?" என்றார் அம்மா.

"நான் மாத்தறேன். அதுவரைக்கும் நீயும் ஒரு மரமா நில்லும்மா. தனியா ஒத்திகை பாத்தா எனக்குச் சிரிப்பு வருது."

"இருக்கற வேலையில இது வேறயா?" என்று முணுமுணுத்தாலும் அம்மா எழுந்து நின்றார். நாடக டீச்சர் மரங்களுக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"கால் ரெண்டும் வேர். தோளை மெதுவாக் கீழ இறக்கி வை. மூச்சை இழு. விடும்போது காத்து வருது. அதோட தலை மெல்லத் திரும்பணும். வலிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா அதுக்கு முன்னாடியே நின்னுடணும். புயல் கூடாது. இளங்காத்துதான்."

அம்மாவின் தலை இடது ஜன்னலின் முதல் கம்பி வரை திரும்பி நின்றது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

"இவ்வளவு நாளா இந்தத் தோளைத் தூக்கி வெச்சுக்கிட்டா இருந்தேன்?" என்று அம்மா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "தூக்கினதே தெரியலையே!"

ஒவ்வொரு பாபின் தீரும்போதும் எங்கள் வீட்டில் இரண்டு மரங்கள் அசைந்தன. மூன்றாம் நாள் மூன்றாவது கம்பி. ஐந்தாம் நாள் ஜன்னலைத் தாண்டிக் கதவின் தாழ்ப்பாள். அன்றே கடைசி உடையும் முடிந்தது.

"பாதிதான் சுத்தறேன்னு முதல் பாபின்லயே தெரிஞ்சுபோச்சு" என்றார் அம்மா.

"அப்புறம் ஏன் திட்டல?"

"மரம் திட்டுமா?"

நாடக நாள். முதல் வரிசைக் கோடியில் அம்மா. பக்கத்தில் பட்டையோடு மாமா. ராஜா இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு வந்தார். மாமா கைதட்டினார்.

"நம்ம புள்ள எப்போ வருவா?" என்று மாமா கேட்டது மேடை வரை கேட்டது.

"முதல்லேருந்தே நிக்கறா. திரும்பிப் பாருங்கண்ணா."

மாமா தலையைத் திருப்பப் பார்த்தார்; பட்டை விடவில்லை. பிறகு 'சர்ர்ர்' என்று பட்டையைப் பிரிக்கும் சத்தம். ராஜா திடுக்கிட்டு வசனத்தை மறந்துவிட்டார். நல்ல வேளை, மரத்துக்கு வசனம் கிடையாது.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் எப்போதோ என் பக்கம் திரும்பியிருந்தார். தலை மட்டும்.

காற்று வந்தது. நாங்கள் இருவரும் மெல்ல அசைந்தோம்.