பச்சைத் தோல்

சித்திரை வெயிலில் ஊர் முழுக்கப் புல் கருகிக் கிடக்க, அந்தப் பார்க்கில் மட்டும் தரை நனைந்திருந்தது. மழை பெய்து மூன்று மாதமாகிவிட்டது. தண்ணீர் இறைக்கும் கிணறும் வற்றிப்போயிருந்தது. வாசலைத் தாண்டி முதல் அடி வைத்ததுமே முத்தாத்தாளின் உள்ளங்காலில் வெதுவெதுப்பாக ஏதோ பிசுபிசுத்தது. காலைத் தூக்கிப் பார்த்தாள். சேறில்லை. முட்டையின் வெள்ளைக்கரு போல ஒரு வழுவழுப்பு, அதில் நாலைந்து செம்பட்டை மயிர்.

அவள் புருஷன் பழனிச்சாமி இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. பார்க்கின் தோட்டக்காரன் அவன். அதற்கு முன்பு அந்த இடம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலேயே பெரிய தோல் பதனிடும் ஷாப்பாக இருந்தது. மாட்டுத்தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, மயிர் இளகியதும் இரண்டு பிடி வைத்த கத்தியால் வழித்தெடுப்பது பதினோரு வருஷமாக அவன் வேலை. முதலாளி செத்ததும் மகன் ஷாப்பை மூடிவிட்டு, கேரளம் தனி மாநிலமான மறு வருஷம் தகப்பன் பேரில் பார்க் வைத்தான். குழிகளில் ஊறிக்கொண்டிருந்த தோல்களை வெளியே எடுக்க யாருக்கும் மனசில்லை. அப்படியே மண்ணைக் கொட்டி மூடினார்கள். மூடிய ஆட்களில் பழனிச்சாமியும் ஒருவன்.

புல் முளைத்த நாளிலிருந்து அவன் சோற்றைப் பிசைவதோடு சரி, உண்பதில்லை. எத்தனை சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் உடம்பிலிருந்து குழி நாற்றம் போகவில்லை. நகக்கண்ணில் மயிர் இருக்கிறதே என்று ஒரு நாள் அவள் கேட்டதற்கு, புல்லு வெட்டினேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பிற்பகல் வெயிலில் பார்க்கில் ஒரு குருவி கூட இல்லை. மலைக் கணவாய் வழியே வந்த காற்று வேலிக்கு வெளியே பனைமரங்களைப் பேயாட்டம் ஆட்டிக்கொண்டிருந்தது. உள்ளே புல் அசையவில்லை, எண்ணெய் தடவி வாரிவிட்டது போல ஒரே திக்கில் படிந்து மினுமினுத்தது. அதன் மேல் மிதித்து நடக்க நடக்க, அழுகிய கொழுப்பும் சுண்ணாம்பும் கலந்த அந்தப் பழைய நாற்றம் அடியிலிருந்து மூச்சுப் போல விட்டுவிட்டுக் கிளம்பி, அவள் நாக்கில் படிந்தது. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டாள். வாயில் எச்சில் ஊறியது. விழுங்க முடியவில்லை.

கடைக்கோடியில், பழைய குழிகள் இருந்த இடத்தில், பழனிச்சாமி குந்தியிருந்தான். கையில் அந்தப் பழைய கத்தி. தரையை வழித்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, ஊட்டுக்கு வாங்க."

"இன்னும் முடியல புள்ள," என்றான், திரும்பாமலே. "வளிச்ச எடத்துலயே மறுக்கா மொளைக்குது."

எட்டிப் பார்த்தாள். அவன் வழித்த இடத்தில் மண் இல்லை. வெளுத்து, ஊறி, உப்பிய ஏதோ ஒன்று. அதில் பொடிப்பொடியாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு வேர்வை.

அங்கேயே வாந்தியெடுத்தாள். விழுந்ததைத் தரை மெல்ல உறிஞ்சிக்கொண்டது.

"அந்தக் கருமத்த உடுங்க. எந்திரிங்க."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். வழித்த இடத்தின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான். பிசினைப் பிரிப்பது போலச் சத்தம். அடிப்புறம் சிவப்பாக இருந்தது. கொழுப்பு திட்டுத்திட்டாகத் தொங்கியது. நடுவே விரல் தடிமனில் ஒரு நரம்பு.

துடித்துக்கொண்டிருந்தது.

"நாந்தானே புள்ள மண்ணப் போட்டு மூடுனேன்," என்றான். "உள்ள எடம் உட்டு வெச்சிருக்குது."

கால்களை உள்ளே நீட்டினான். இடுப்புவரை நுழைந்தான். முத்தாத்தாள் பாய்ந்து அவன் வலது கையைப் பிடித்தாள். இழுத்தாள். முட்டி போட்டு, பல்லைக் கடித்து இழுத்தாள்.

கை வந்தது. கனமே இல்லாமல் வந்தது.

மணிக்கட்டிலிருந்து நகம்வரை, தோல் மட்டும். ரத்தமில்லை. சுண்ணாம்பில் ஊறின வெளுப்பு.

அதற்குள் அவன் தலையும் உள்ளே போயிருந்தது. உள்ளேயிருந்து அவன் மறுகை நீண்டது. கம்பளியை இழுத்துப் போர்த்துவது போல அந்த ஓரத்தைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டது. விளிம்பு ஒட்டியது. தழும்புகூட இல்லை.

அவள் கையிலிருந்ததை உதறினாள். அது விரல்களில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது.

எங்கிருந்தோ ஒரு ஈ வந்து புல்லின் மேல் உட்கார்ந்தது. மாடு ஈயை விரட்டச் சிலிர்ப்பது போல, பார்க் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை சிலிர்த்தது.