கமோசாவுக்குள் ஒரு மலை ஆமை

"அதைத் தண்ணியில விடாதீங்க..."

குளத்தின் கடைசிப் படியில் குனிந்திருந்தவன் சறுக்கி விழப் பார்த்தான். கையிலிருந்த கமோசாத் துண்டுக்குள், மஞ்சள் ஓட்டு ஆமை ஒன்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"ஏன் விடக்கூடாது, பைதேவ்? கோயில் குளத்துல எல்லாரும்தான் விடுறாங்க. அம்மாவோட வேண்டுதல்."

பைதேவ். அக்காவாம்... தொராலிக்குச் சுருக்கென்றது. இருபத்தொன்பது வயது என்று நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? வாரம் முழுக்கத் தபால் ஆபீஸில் முத்திரை குத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக ஆமை பார்க்க வந்த இடத்தில் இப்படியொரு தம்பி.

"எல்லாரும் விடுறது தண்ணி ஆமை. இது மலைக்காட்டு ஆமை, நீச்சல் தெரியாது. காலைப் பாருங்க, குட்டி யானைக்கு இருக்கிற மாதிரி. உள்ள போட்டா முங்கிச் செத்துடும். அம்மா பேரைச் சொல்லிக் கொலை பண்ணப் போறீங்களா?"

பொரி தூவிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் காது சிவந்தது. கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தாள். அவனோ ஆமையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தான்.

"அப்ப எது தண்ணி ஆமைன்னு காட்டுங்க. நானும் தெரிஞ்சுக்கிறேன்."

சவால்தான். தொராலி விடவில்லை. பொரிக்கு மூக்கை மட்டும் நீட்டும் கருப்பு மென்னோட்டு ஆமையைக் காட்டினாள். அந்தப் பக்கம் மயிற்கண் ஆமை. குட்டியாக இருக்கும்போது முதுகில் கண்கண்ணாகப் புள்ளி இருக்கும், வயசானால் மங்கிவிடும். கட்டையில் வெயில் காய்வது கூரை ஆமை, முதுகு நடுவில் கூரை முகடு மாதிரி தூக்கியிருக்கும். அதன் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கிறதே, அது புள்ளி ஆமை.

"இதுக்கு வெட்கமே இல்லையா?" என்றான்.

"இடம் கிடைச்சா யாரு விடுவாங்க?"

சிரித்தான். நல்ல கண்கள்தான்... சிரிக்கும்போது பாதி மூடிக்கொள்கின்றன. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பொரிக்கடைக் கூரைக்குக் கீழே இருவரும் ஒதுங்கினார்கள், நடுவில் ஆமை. பால் விடாத சிவப்புத் தேநீர் வந்தது. பெயர் நீரோத் என்றான், தேயிலைத் தோட்டத்து ஆலையில் இயந்திரம் பார்க்கிறானாம். அவளும் பெயரைச் சொன்னாள்.

"அம்மா என்ன வேண்டிக்கிட்டாங்க?"

"என் கல்யாணத்துக்கு."

தொராலி தேநீரை அவசரமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். அதனால் என்ன... யாரோ ஒருவன், அவனுக்குக் கல்யாணம். மழை விட்டால் அவரவர் பாட்டுக்குப் போகப் போகிறோம்.

"இதைக் குளத்துல விடாம போனா வேண்டுதல் பாக்கின்னு அம்மா சாப்பிடாம உட்கார்ந்துடுவாங்க. இனி கல்யாணமே நடக்காதுன்னு அழுவாங்க," என்றான்.

அவளுக்கு வழி தெரியும். சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த நினைப்பே அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆமை துண்டுக்குள்ளிருந்து மெல்ல எட்டிப் பார்த்தது.

"குளத்துத் தண்ணியை அள்ளி முதுகுல ஊத்துங்க. சாமி தண்ணி பட்டாச்சு, வேண்டுதல் முடிஞ்சாச்சு. அப்புறம் எங்க கிடைச்சுதோ அந்த மலையடிவாரத்துலயே கொண்டுபோய் விடுங்க."

தூறலில் இருவரும் படியிறங்கினார்கள். அவன் பிடித்துக்கொள்ள, அவள்தான் அள்ளி ஊற்றினாள். பெண் எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன நினைப்பான்? அவனும் சொல்லவில்லை.

"வரேன், பைதேவ்."

அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

அதற்கடுத்த ஞாயிறு அதே கமோசாவைக் கையில் மூட்டையாகப் பிடித்தபடி வந்தான்.

"இன்னொரு ஆமையா?" என்றாள், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"அதை மலையில விட்டுட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காம போயிடுச்சு. வேண்டுதல் முடிஞ்சுது, இனியாவது சம்மதிப்பியான்னு அம்மா கேட்டாங்க."

"சம்மதிப்பியாவா... அப்ப பொண்ணு?"

"பொண்ணே பார்க்கலையே. அஞ்சாறு வருஷமா நான் மாட்டேன்னுட்டு இருக்கேன். என் வாயிலேருந்து சரின்னு வரணும்னுதான் வேண்டுதலே."

துண்டை அவிழ்த்து அவள் முன்னால் படியில் விரித்தான். இரண்டு வெற்றிலை, ஒரு பச்சைத் தாமோல் பாக்கு. கமோசாவில் பாக்கு வைத்தால் என்ன கேட்கிறார்கள் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பொரிக்கடைக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"உங்களைன்னா சரின்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் உன்னைக் கொலைகாரன்னு சொன்ன பொண்ணான்னு கேட்டாங்க அம்மா. அவ இல்லன்னா நிஜமாவே ஆகியிருப்பேன்னு சொன்னேன். பாக்கு எடுத்துக் குடுக்க ஒரு வாரம் யோசிச்சாங்க."

தொராலி குளத்தைப் பார்த்தாள். கூரை ஆமை கட்டையில் தனியாக உட்கார்ந்திருந்தது. தன் ஓட்டுக்குள் போய்விட இதுதான் சமயம் என்று அவளுக்குத் தெரிந்தது. போகவில்லை.

"போன வாரம் நான் ஒரு ஆமையையும் பார்க்கல," என்றாள். "நீங்க வருவீங்களான்னு கோயில் வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்... அதுதான் நிஜம்."

குனிந்து பாக்கை எடுத்து வெற்றிலையில் மடித்தாள்.

"ஆனா இன்னொரு தடவை பைதேவ்னு கூப்பிட்டா திருப்பிக் குடுத்துடுவேன்."

"சரி, தொராலி."

அவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள்.