ஒளிக்கூடத்துக் கேள்வி

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பெண்கள் முறை. விடிந்ததும் கோவில்பட்டியில் தெருத்தெருவாகப் பெண்கள் ஒளிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். நகை கூடாது, வெறும் வயிற்றோடு வர வேண்டும். வரிசை நகர்வதற்குள் ஊர்க்கதை முழுவதும் பேசித் தீர்த்துவிடுவார்கள். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டால் இப்போது யாருக்கும் பயமில்லை. அதில் ஒருவர் செத்தே ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

எல்லோர் இரத்தத்திலும் கரிக்குழல் ஓடுகிறது. கண்ணுக்கே தெரியாத கார்பன் நானோ குழாய். உள்ளே மருந்து, வாயில் மூடி, வெளிப்பக்கம் ஒரு கொக்கி. கெட்ட உயிரணு எங்கே தலைதூக்கினாலும் கொக்கி போய் மாட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை கூடத்தில் செவ்வொளியைப் பாய்ச்சினால், மாட்டியிருக்கிற குழல் சூடாகி மூடி திறக்கும். மருந்து இறங்கும். வந்த நோய் வந்த சுவடே தெரியாமல் போய்விடும்.

ஆதிரையும் அன்று மாமியாரோடு வரிசையில் நின்றாள். நாள் தள்ளிப்போய் இது இரண்டாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை இதே இரண்டாம் மாதத்தில்தான் கலைந்தது. எல்லாம் ஊர்க்கண் என்று மாமியார் சண்முகத்தாய் முடிவுகட்டிவிட்டாள்.

"வாசல்ல அந்தப் பிள்ளை விசேஷம் உண்டான்னு கேக்கும். இல்லைன்னு சொல்லிரு, கேட்டியா?" என்று காதோரம் கிசுகிசுத்தாள். "மூணு மாசம் முடியட்டும். பொறவு ஊருக்கே லட்டு கொடுப்போம்."

"சரி அத்தை."

கூடம் திறந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். பின்னால் ஒரு வரிசையே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கையில் எவள் உண்டு என்பாள்? மூன்று மாதம் முடியாதவர்கள் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவர்களும் தோண்டித் துருவமாட்டார்கள். கேட்டாயிற்று, பதில் வந்தாயிற்று, அடுத்த ஆள். எதற்காகக் கேட்கிறார்கள் என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. கல்யாண வீட்டு வாசலில் சாப்பிட்டாச்சா என்று கேட்பதைப்போல இதுவும் ஒரு சம்பிரதாயம் என்று விட்டுவிட்டார்கள்.

"விசேஷம் உண்டாக்கா?" புதிதாக வந்திருக்கும் ஒளி இயக்குநர் மெர்லின் கேட்டாள்.

"இல்லை."

உள்ளே படுக்கவைத்துப் பட்டையை இறுக்கும்போதும் மெர்லினுக்கு வாய் ஓயவில்லை. "போன வாரம் பயிற்சியில எல்லாம் சொல்லிக்கொடுத்தாங்கக்கா. கொக்கி நுனியில ஃபோலிக் அமிலம் வச்சிருக்காங்களாம். புத்துக்கு அதுன்னா உயிரு. வேகமா வளர்றது எதுவுமே அதை அள்ளி அள்ளித் திங்குமாம். அதான் குழல் நேரா அங்க போய் மாட்டுது."

ஃபோலிக் அமிலம். முதல் தடவை நாள் தள்ளியபோது மருத்துவர் கொடுத்த மஞ்சள் மாத்திரை அதுதானே! வயிற்றில் பிள்ளை வளர இது வேண்டும், மறக்காமல் போடு என்றாரே.

"வேகமா வளர்றது எதுவுமேவா?"

"ஆமாக்கா. அது நல்லது கெட்டது பாக்குமா? அதுக்குத்தான வாசல்லயே கேக்கோம்." சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஆதிரை எழப் பார்த்தாள், பட்டை விடவில்லை. தலைக்கு மேல் இயந்திரம் உறுமத் தொடங்கியது. ஊர்க்கண், மூன்று மாதம், மாமியார், எல்லாம் அந்தக் கணத்தில் மறந்துபோயின.

"உண்டு! எனக்கு உண்டு! நிறுத்து!"

அலறல் வாசல்வரை கேட்டது. உறுமல் அடங்கியது. மெர்லின் ஓடிவந்து பட்டையை அவிழ்த்தாள். "ஒளி இன்னும் வரலக்கா. பயப்படாதீங்க, இன்னும் வரல. எத்தனை மாசம்?"

"ரெண்டு." ஆதிரை எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "முன்னால ரெண்டு தடவையும் இப்படித்தான் வந்தேன். இல்லைன்னுதான் சொன்னேன்."

அதற்குள் சண்முகத்தாய் வரிசையைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள். மருமகள் சொன்னது அவள் காதில் விழுந்துவிட்டது. "நாந்தான் சொல்லச் சொன்னேன். நாந்தான்..." என்று தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். ஆதிரை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

விஷயம் வரிசை முழுவதும் பரவச் சற்று நேரம் ஆயிற்று. நடுவிலிருந்து ஒருத்தி யார் முகத்தையும் பார்க்காமல் விலகி நடந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஏன் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

ஆதிரைக்கு முன்னால் உள்ளே போய்வந்த பெண் படியருகே நின்றிருந்தாள். தாலிக்கயிற்றில் மஞ்சள்கூட இன்னும் வெளுக்கவில்லை. மெதுவாக உள்ளே வந்தாள்.

"அக்கா, நானும் இல்லைன்னுதான் சொன்னேன். எனக்கு இப்பதான் ஒளி வச்சீங்க," என்றாள். "இனிமே ஏதாச்சும் செய்ய முடியுமா?"

மெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பெண்ணின் முன்னால் கூசிப்போய், ஆதிரை தன் வயிற்றின் மேலிருந்த கையை எடுத்துவிட்டாள்.