ஷரீஃப் மாமா வெளியே நிற்கிறார்

"அப்போ உள்ள விடட்டா, வேண்டாமா?"

"யார?"

"எனக்கு எப்படித் தெரியும்? உனக்க மீட்டிங் லிங்க்ல ஒரு ஆளு வந்து வெளியே நிக்காருல்லா. முஹம்மது ஷரீஃப்னு பேரு போட்டிருக்கு."

"முஹம்மது ஷரீஃபா?"

ஹஸீபா அந்தப் பெயரை உரக்கச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்தாள்.

"தெரியாது ரதீஷண்ணா. யாராவது மாறி வந்திருப்பாவ."

"சரி, வெளியே அனுப்பியாச்சு." மடிக்கணினித் திரையில் ரதீஷ் கொட்டாவி விட்டான். அவளுக்கு வேலை கற்றுக்கொடுக்கும் டீம் லீடர். திருவட்டாறில் அவனுடைய வீட்டுச் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. "நாளைக்கு பெமிலா மேடம் முன்னாடி இப்படி ஆரும் வரப்பிடாது, பாத்துக்க. ஆபீஸ் லிங்க வெளியாளுக்குக் குடுத்தன்னு தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாவ."

"நான் வீட்லதான அண்ணா இருக்கேன்."

"வாய் மட்டும் நல்லா கன்ஃபர்ம் ஆயாச்சு. வேலை நாளைக்குத் தெரியும்."

அவன் சிரித்துக்கொண்டே மறைந்தான். ஹஸீபா ஹெட்போனைக் கழற்றினாள். தேங்காப்பட்டணத்துக் கடல், மழைக்காலத்தில் எப்போதும் போல, யாரோ பெரிய பாத்திரத்தைத் தரையில் இழுப்பது மாதிரி இரைந்துகொண்டிருந்தது; காயாத துணிகளின் வாடையும், கொசுவர்த்தி எரிந்து முடிந்த சாம்பலின் வாடையும் அறையை விட்டுப் போகாமல் தங்கியிருந்தன; அவற்றுக்கு நடுவே அவளுக்குப் பழகிப்போன ஒரு சத்தம் மட்டும் இல்லை. முதுகுக்குப் பின்னால் மாமியின் விரல்களில் தஸ்பீஹ் ஜெபமணிகள் உருளவில்லை.

"யாருக்க பேரடி சொன்ன?" அறையின் குறுக்கே தொங்கிய விரிப்புக்கு அப்பாலிருந்து மாமி கேட்டாள்.

"ஆபீஸ்ல ஒரு ஆளு, மாமி."

மணிகள் மறுபடி உருள நெடுநேரம் ஆயிற்று.

வீட்டில் சிக்னல் கிடைப்பது இந்த மேற்கு அறையில் மட்டும்தான். இதே அறையில்தான் சுலைகா பீவி மாமி இத்தா இருக்கிறாள். கணவனை இழந்தவள், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் கழிக்க வேண்டிய மாதங்கள். ரதீஷின் கண்ணில் அவள் பட்டுவிடக் கூடாதென்று உம்மா கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டிருந்தாள்.

அவள் கணவர் ஷரீஃப் மாமா கல்ஃபில் இருந்தார். அங்கே சாதாரண வீடியோ அழைப்பு வராது. ஆபீஸ் லிங்க் மட்டும் திறக்கும். அதனால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹஸீபா அவருக்கு அதைக் கொடுத்திருந்தாள். வேலை முடிந்ததும் உள்ளே அனுமதிப்பாள், மடிக்கணினியை மாமியின் மடியில் வைத்துவிட்டு வெளியே போய்விடுவாள். அதுவரை மாமா பொறுமையாகக் காத்துக்கொண்டிருப்பார். பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. அங்கேயே ஆஸ்பத்திரியில் இறந்தார். அங்கேயே அடக்கினார்கள். அதைச் சொன்னதுகூடப் பெயர் தெரியாத யாரோ ஒருவர்தான்.

மென்பொருளில் பிழை தேடுவதுதான் ஹஸீபாவின் வேலை. இதுவும் ஒரு பிழை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பழைய பெயர் எங்கோ தங்கியிருக்கும். வேலை உறுதியானால் நிக்காஹ் பேச்சை இரண்டு வருடம் தள்ளிவைக்கிறேன் என்று வாப்பா வாக்குக் கொடுத்திருந்தார். இல்லையென்றால் பெருநாள் கழிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வருவார்கள். நாளை மட்டும் கடந்துவிட்டால் போதும்.

மறுநாள் மதியத்திலேயே வானம் இருட்டிவிட்டது. கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடிய திரையின் வெளிச்சம் மட்டும் அவள் கைகளில் நீலமாக விழுந்தது. ரதீஷும் மேனேஜர் பெமிலா மேடமும் இரண்டு கட்டங்களில் இருந்தார்கள். தான் செய்த வேலையை ஹஸீபா விளக்கத் தொடங்கினாள். மேடம் தலையசைத்தாள்.

திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு எழுந்தது.

முஹம்மது ஷரீஃப் காத்திருக்கிறார்.

பேசிக்கொண்டே மறுத்தாள். மறுபடி எழுந்தது. மறுத்தாள். கேட்காமல் நுழையும் பழக்கம் மாமாவுக்கு இருந்ததே இல்லை. கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, சலாம் சொல்லி, பதில் வரும்வரை நிற்பார். இப்போதும் நிற்கிறார். மறுத்தாள்.

விரிப்புக்குப் பின்னால் மணிகள் நின்றன.

"ரொம்ப நல்லா பண்ணிருக்க, ஹஸீபா," என்றாள் பெமிலா மேடம். "உன்ன கன்ஃபர்ம்... ஒரு நிமிஷம், யாரோ வெளிய நிக்கிறாங்க. ஹெச்.ஆரா இருக்கும். உள்ள விடுறேன்."

"வேண்டாம் மேடம்."

மேடம் புன்னகைத்தபடியே உறைந்துபோனாள். ரதீஷின் வாய் பாதி திறந்தபடி நின்றது. சிக்னல்தான். சிக்னலாகத்தான் இருக்கும்.

இன்னொரு கட்டம் திறந்தது.

வெள்ளை. முழுக்க வெள்ளை.

அது சுவர் இல்லை. துணி. புதுத் துணி, மடிப்புக் கலையாதது. தலைக்கு மேலே அதே துணியில் கிழித்த நாடாவால் ஒரு முடிச்சு. மையித்தைக் கப்ருக் குழியில் இறக்கியதும் சொந்தக்காரர்கள் அவிழ்த்துவிடும் முடிச்சு. அது இறுக்கமாக இருந்தது. யாரும் தொடவில்லை. கீழே, வாய் இருக்க வேண்டிய இடத்தில், துணி உள்ளே குழிந்தது. வெளியே உப்பியது. மெல்லக் குழிந்தது.

ஹெட்போனில் மணல் சரியும் சத்தம்.

மூடும் பொத்தானை அழுத்தினாள். மூடவில்லை. மறுபடி அழுத்தினாள்.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. மாமியின் பாதங்கள் தரையில் இறங்கின.

துணி குழிந்தது. அங்கேயே ஒட்டி நின்றது. பிறகு, எப்போதும் போல, யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாத அந்தத் தணிந்த குரல்.

"கட்ட அவுத்து விட ஒரு ஆளு வரல்ல, மோளே. மூச்சு முட்டுது. சுலைகாவ ஒண்ணு இங்க அனுப்பு."