இவாசோவின் படகில் இரண்டாவது குரல்

"வந்துட்டேன்" என்று வாசலில் நின்று குரல் கொடுத்தான் இவாசோ. அடுப்படியில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த மிசாவோ பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அதே வாசலிலிருந்து மெல்லிய பெண் குரலில் "வாங்க" என்று கேட்டது. எட்டிப் பார்த்தாள். புருஷன் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தான், கால்சட்டையில் கடல் நீர் சொட்டச் சொட்ட.

காலைச் சண்டைக்குப் பழிவாங்கக் கேலி செய்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். சூப்பில் உப்புக் கூடிப்போனதில் ஆரம்பித்த சண்டை அது. "இன்னிக்குத் தனியாப் போய் வலை இழுங்க, அப்பத் தெரியும்" என்று சொல்லிவிட்டு இழுத்துப் போர்த்திப் படுத்துவிட்டாள். தனியாகப் போனவனோ படகின் விளிம்பைத் தண்ணீர் தொடும் அளவுக்குக் கானாங்கெளுத்தி கொண்டுவந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரிகளின் வயிற்றெரிச்சலுக்கு அது போதும்.

சாப்பிடும்போதுதான் சொன்னான், நடுக்கடலில் ஒரு எபிசு மிதந்து வந்ததாம். கடலில் மிதப்பதை அந்தக் கரையில் யாரும் பிணம் என்று சொல்வதில்லை. மீன் தரும் சாமியின் பெயரையே அதற்கும் வைத்திருந்தார்கள். விட்டுவிட்டு வந்தால் பாவம், ஏற்றிக்கொண்டால் வலை நிறையும். ஆனால் சும்மா ஏற்றிவிட முடியாது. ஒருவர் படகின் இடப்பக்கம் குனிந்து, மீன் கொடுப்பியா என்று கேட்க வேண்டும். கூட இருக்கும் இன்னொருவர் செத்தவருக்காகப் பதில் சொல்ல வேண்டும். இவாசோவின் படகில் அந்தப் பதில் எப்போதும் மிசாவோவுடையது.

"யாருங்க பதில் சொன்னது?" என்றாள்.

"நானேதான். கேட்டதும் நான், சொன்னதும் நான். வேற ஆள் ஏது?"

ஒரு வாய் இரண்டு குரலும் பேசக் கூடாது என்பது அந்தக் கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நாம் கூடப் போயிருந்தால் என்று நினைத்தபடி மிசாவோ சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள்.

நாட்டுச் சாமிகளெல்லாம் பக்கத்து இசுமோ பெருங்கோயிலில் கூடும் மாதம் அது. சாமிகளின் கூட்டம் கலையக் கூடாதென்று அவர்கள் இருந்த ஷிமானேக் கரையில் அந்த நாட்களில் யாரும் பாட மாட்டார்கள், ஆணி அடிக்க மாட்டார்கள், பிள்ளைகளைக்கூட அதட்ட மாட்டார்கள். அந்த அமைதியில் வீட்டுக்குள் இருந்த ஒவ்வொரு சத்தமும் மிசாவோவுக்குத் துல்லியமாகக் கேட்டது. கோரைப்பாயில் அவன் ஈரக்கால் ஒட்டி விடுபடும் சத்தம், அவன் மூச்சு உள்ளே போகும்போது கூழாங்கற்கள் மேல் அலை பின்வாங்குவது போன்ற கரகரப்பு, எவ்வளவு துவைத்தும் தலையணையைவிட்டுப் போகாத அழுகிய பாசி வாடையோடு சேர்ந்து சுவருக்கு அந்தப் பக்கம் அவன் தனியாகப் பேசிக்கொள்ளும் முணுமுணுப்பு. "டீ வேணுமா?" என்று பெண் குரல் கேட்கும். "ம்" என்று ஆண் குரல் சொல்லும். நாளாக நாளாகப் பெண் குரல் அச்சாக அவள் குரலைப் போலவே ஆகிக்கொண்டு வந்தது. வீட்டில் அவள் பேச வேண்டிய தேவையே குறைந்துபோனது.

பொறுக்க முடியாமல் மலையடிக் கோயிலுக்குப் போனாள். இவாசோ கரைக்குக் கொண்டுவந்த எபிசுவைப் புதைத்தவர் அங்கிருந்த பிக்கு. முகம் மீன் தின்றுபோனதால் யாரென்று தெரியவில்லை என்றார் அவர். சட்டையைப் பற்றிக் கேட்டாள்.

"நீலச் சட்டைம்மா. முழங்கையில ஒட்டுப் போட்டிருந்துச்சு. நீலச் சட்டைக்குப் போய்ச் சிவப்பு நூல்ல தைச்சிருக்காங்களேன்னு நினைச்சேன்."

நீல நூல் தீர்ந்துபோன அன்று அந்த ஒட்டைத் தைத்தவள் மிசாவோ. சண்டை போட்ட காலையில் இவாசோ போட்டுக்கொண்டு போன சட்டை அது.

மண்ணுக்குள் இருப்பது அவள் புருஷன். வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது கடலில் மிதந்து வந்தது.

வேறு யாராக இருந்தாலும் அப்படியே ஊரைவிட்டு ஓடியிருப்பாள். மிசாவோவுக்கு இவாசோ வேண்டும். அவ்வளவு ஆசை அவன் மேல். எபிசு மிதந்து வந்த அதே இடத்தில், இந்த முறை முறைப்படி இரண்டு வாயால் கேட்டுச் சொன்னால், நடந்தது திரும்பிவிடாதா? அவரவர் அவரவர் இடத்துக்குப் போய்விட மாட்டார்களா? அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும், "நானும் வர்றேங்க" என்றாள்.

அது சிரித்தது. "வா. பதில் சொல்ல ஆள் வேணும்ல."

மூடுபனி. கரை மறைந்தது. எஞ்சினை அது நிறுத்தியதும் வேறு சத்தமே இல்லை. பாசி வாடை மட்டும்.

மிசாவோ இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கறுத்த தண்ணீர். எதுவும் மிதக்கவில்லை.

"இங்க யாரும் இல்லையேங்க."

அது தண்ணீரைப் பார்க்கவில்லை. மிதக்கும் எபிசுவிடம் குனிவது போலக் குனிந்து அவள் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தது.

"மீன் கொடுப்பியா? கொடுத்தா ஏத்திக்கிறேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். உப்புத் தண்ணீர்தான் வழிந்தது. குரல் இல்லை.

அப்போது படகின் அடியிலிருந்து பதில் வந்தது. கட்டைக் குரல். தூக்கம் கலையாத காலைக் குரல். அவளுடைய இவாசோவின் சொந்தக் குரல். செத்தவளுக்காக, முறை தவறாமல், நிதானமாக அது சொன்னது:

"கொடுக்கிறேன்."