மன்றத்துக்குக் கொடுத்த மனை

பதினாலு மாதத்துக்குப் பிறகு அன்று காலையில்தான் நடனசபாபதி மனைவியிடம் நேராகப் பேசினார். அதுவும் ஒரு கையெழுத்துக்காக.

"சாயங்காலம் ஆண்டுவிழா. பி.டி.ஓ. வர்றாரு. மனை மன்றத்து பேருக்கு மாறுனாத்தான் சர்க்கார்ல நூலகம் குடுப்பாங்களாம். பத்திரம் எழுதியாச்சு. நீ வந்து கையெழுத்துப் போட்டுடு."

அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அமராவதி நிமிரவில்லை.

"பொம்பளைங்க மன்றத்து வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டது நீங்கதான... நான் எப்டி வர்றது?"

"உள்ள வர வேணாம். வெளியில நின்னு போடு!"

அவள் கையிலிருந்த ஊதுகுழல் கீழே விழுந்தது.

சிதம்பரத்தை அடுத்த கடலோரக் கிள்ளைக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர். புளியமரத்தடியில் சடுகுடு ஆடிய பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து, ஐம்பத்தாறில் 'ஐக்கிய வாலிபர் மன்றம்' என்று நடனசபாபதி பெயர் வைத்தபோது உட்கார ஓர் இடம் கிடையாது. அமராவதியின் அப்பா கல்யாணச் சீராக வாங்கிக் கொடுத்த மனை ரோட்டோரமாகச் சும்மா கிடந்தது. தனியாக ஒரு வீடு கட்டி, வாசலில் பவழமல்லி வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. கணவர் கேட்டார், ஆசையை விழுங்கிக்கொண்டு சரியென்றாள். சுவருக்கு மண்ணும் அவளே சுமந்தாள். அப்புறம் ரேடியோ வந்தது, பத்திரிகை வந்தது, கேரம் பலகை வந்தது. பொங்கலுக்கு நாடகம் போட்டார்கள். நாடகக்காரர்களுக்கெல்லாம் அவள்தான் சோறு பொங்கினாள். "நமக்குப் பொறக்காத புள்ள இந்த மன்றம்தான் அமராவதி!" என்பார் அவர். அந்த ஒரு வார்த்தையில் அவள் குளிர்ந்து போவாள்.

அறுபத்து நாலு ஐப்பசியில் புயல் அடித்தது. ஆம்பளைகள் எல்லாரும் சடுகுடுப் போட்டிக்காகச் சிதம்பரம் போயிருந்தார்கள். மத்தியானம் கடல் பொங்கி மீனவர் குப்பத்துக்குள் வந்துவிட்டது. பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்தார்கள். ஊரில் ஓடு வேய்ந்த கட்டடம் மன்றம் ஒன்றுதான். யாரோ பூட்டைத் திறந்து விட்டார்கள். நிறைமாதமாக இருந்த குப்பத்து வேலம்மாளுக்கு அங்கேயே வலி எடுத்தது. கேரம் ஆடும் இடத்தில் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி அறுத்தவள் அமராவதி.

மறுநாள் திரும்பிய ஆம்பளைகள் குதித்தார்கள். குப்பத்து ஆட்கள் உள்ளே வந்ததே பொறுக்கவில்லை. அதற்கு மேல் தீட்டு வேறு! "எவ தெறந்தாளோ அவ இன்னைக்கே பொறந்த வூட்டுக்குப் போய்டணும்!" என்று கத்தினான் செயலாளர் பூவராகன், நடனசபாபதியின் தம்பி.

"நாந்தான் தெறந்தேன்" என்றாள் அமராவதி.

அப்போதுதான் ஊரே கேட்க நடனசபாபதி அந்தச் சொல்லைச் சொன்னார். "புள்ள பெறாதவளுக்கு பெரசவம் பாக்க ஆச வந்துடுச்சாக்கும்!"

பெண்கள் மன்றத்துக்குள் வரக் கூடாதென்று அன்றே தீர்மானமும் போட்டார். அது முதல் அவள் கையால் அவர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. வீட்டைவிட்டு அனுப்பாததே பெரிய தயவு என்று மாமியார் தினமும் சொல்லிக் காட்டினாள்.

இப்போது 'வெளியில நின்னு போடு' என்று அவர் சொன்னதும் உள்ளேயிருந்து ஒரு கேவல் வெடித்தது. பூவராகன் மனைவி லோகநாயகி ஓடிவந்து அமராவதியின் காலடியில் விழுந்தாள்.

"அக்கா பண்ணல மாமா! நாந்தான்... சாவிய எடுத்து நாந்தான் தெறந்தேன்! அக்கா அப்புறந்தான் ஓடியாந்தாங்க. அப்ப எனக்குக் கண்ணாலம் ஆயி நாலு மாசம். என்னை அனுப்பிடுவாங்கன்னு அக்கா ஏத்துக்கிட்டாங்க... பாவி, நான் வாய மூடிக்கினு இருந்துட்டேன்!"

பின்னாலேயே வந்த பூவராகன் அவள்மேல் கையை ஓங்கினான். அமராவதி குறுக்கே நின்றாள்.

"தொடு பாப்போம் தம்பி!"

ஓங்கிய கை இறங்கியது. நடனசபாபதி அமராவதியின் பக்கம் திரும்பினார்.

"ஏன்... ஏன் என்கிட்ட சொல்லல?"

"யாரு தெறந்ததுன்னு கேட்டீங்க. எதுக்குத் தெறந்ததுன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? லோகு தெறக்கலன்னா நான் தெறந்திருப்பேன். அதுல ஒண்ணும் வித்தியாசம் இல்ல. நீங்க சொன்ன சொல்லு இருக்கே... அது எனக்குத்தான சொன்னது?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கிப் போனார்.

சாயங்காலம் அமராவதி மன்றத்துக்கு வந்தாள். பக்கத்தில் வேலம்மாள், இடுப்பில் மன்றத்தில் பிறந்த அந்தக் குழந்தை. வாசலில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அமராவதி நேராக உள்ளே போய் மேஜை முன்னால் நின்றாள்.

"கையெழுத்துப் போடறேன். ஊருசனம், குப்பத்துசனம், ஆம்பள, பொம்பள எல்லாரும் வரலாம்னு பத்திரத்துல ஒரு வரி எழுதுங்க."

"அப்டின்னா நாங்க இல்ல!" என்று துண்டை உதறிக்கொண்டு பாதிப் பேர் எழுந்து போனார்கள். முன்னால் நடந்தவன் பூவராகன். பி.டி.ஓ. பேனாவை உருட்டிக்கொண்டு தலை குனிந்திருந்தார்.

நடனசபாபதி தம்பி போவதைப் பார்த்தார். பிறகு தீர்மானப் புத்தகத்தை எடுத்து, பழைய தீர்மானத்தைத் தன் கையாலேயே அடித்தார்.

"இந்த எடத்துலதான் என் பொண்டாட்டிய ஒரு சொல்லு சொன்னேன்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "அது மனுசன் பேசற பேச்சில்ல. என்னை மன்னிச்சுடு அமராவதி..."

வரி எழுதப்பட்டது. அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் லோகநாயகி அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். "என்னால வீணாப் போச்சே அக்கா உங்க வாழ்க்கை!"

"அழாத. அன்னிக்கி நீ தெறக்கலன்னா அந்தப் புள்ள ஏது? நீ நல்ல காரியம் பண்ணவடி" என்று அவள் தலையைத் தடவினாள் அமராவதி. அப்போதுதான் அவளும் அழுதாள்.

"வூட்டுக்குப் போலாம் வா" என்றார் நடனசபாபதி.

"இல்லைங்க. நான் சிதம்பரம் போறேன், அண்ணன் வூட்டுக்கு. மனைய கேட்டீங்க, குடுத்துட்டேன். இன்னைக்கே மனசையும் கேட்டா எங்க போவேன்?"

அவர் வற்புறுத்தவில்லை. அவள் வாசலில் வைத்திருந்த தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிள்ளை ஸ்டேஷன் வரை பின்னாலேயே நடந்தார். ரயில் வந்து நின்றதும் பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான்... வந்து பாக்கலாமா?"

அமராவதி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாங்க" என்றாள். "ஆனா, கூப்புட வராதீங்க."

ரயில் நகர்ந்தது. அவர் கம்பியை விட்டார்.